ரீக்கிக்கு மார்ச்சில் ஒரு பிறந்தநாள்

பதினோரு வருஷமாக சீமின் மனத்தில் ஒரு குறை கிடந்து புகைந்துகொண்டிருந்தது. ஒன்பது வீடு இருக்கிற கட்டிடத்தில், மேல்மாடி ரீக்கியின் கண்ணில் அவனுடைய கழிப்பறைதானா பட வேண்டும்? மற்ற ஏழு பேரும் என்ன, வீட்டில் வாளியா வைத்திருந்தார்கள்?

அந்த வருஷம் ஜனவரிக் குளிரில் அவள் வீட்டுத் தண்ணீர்க்குழாய் உறைந்துவிட்டது. இரண்டு மாடி இறங்கி வந்து சீமின் கதவைத் தட்டினாள். “தள்ளுடா, அவசரம்” என்று உள்ளே போனாள். ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்து, “நல்லா இருப்பே” என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டாள். சீமும் மறந்துவிட்டான். நவம்பர் முதல் தேதி, கழிப்பறைச் சுவரில் தொங்கும், கிழமை போடாமல் வருஷா வருஷம் அதையே திருப்பும் பிறந்தநாள் காலண்டரின் தாளைத் திருப்பியபோதுதான் பார்த்தான். ஒன்பதாம் தேதியில் ‘ரீக்கி’ என்று எழுதியிருந்தது. அதுவும் பேனாவால்.

பென்சில் என்றால் அழித்திருப்பான். டென் ஹெல்டர் என்கிற இந்தக் கடலோர ஊரில் ஒருவன் தேவாலயத்துக்குப் போகாமல் இருக்கலாம், அண்ணன் தம்பியோடு பேசாமல் இருக்கலாம். கழிப்பறைக் காலண்டரில் ஏறிவிட்ட பிறந்தநாளுக்குப் போகாமல் இருக்க முடியாது. தினம் உட்காருகிறோம், தினம் பார்க்கிறோம், மறந்துவிட்டேன் என்று யாரிடம் சொல்ல?

ஆகவே வருஷா வருஷம் நவம்பர் ஒன்பதாம் தேதி சீம் பெட்ரோல் பங்கில் ஒரு பூங்கொத்து வாங்கிக்கொண்டு மாடி ஏறினான். ரீக்கியின் மகள், மருமகன், கப்பலில் கூட வேலை பார்த்த தோழிகள் இரண்டு பேர் என்று எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். பிறந்தநாள்காரிக்கு வாழ்த்து, மகளுக்கு வாழ்த்து, மருமகனுக்கு வாழ்த்து, ஆளுக்கு மூன்று முத்தம். ஒரு துண்டு ஆப்பிள் கேக், ஒரு காபி, ஒரு பிஸ்கட். பிஸ்கட்டைக் கையில் எடுத்தானோ இல்லையோ, டப்பா மூடி ‘டப்’ என்று விழும். இத்தனையும் பொறுத்துக்கொண்டு கிளம்பும்போது ரீக்கி சொல்வாள்:

“சீம், போறப்ப அந்த ஜன்னலை அடைச்சுட்டுப் போடா.”

அடைக்கத் துணியும் திருப்புளியும் ஜன்னல் ஓரத்தில் தயாராக இருக்கும். அவன் கூரை வேலைக்காரன். பதினாலு வயசில் பள்ளிக்கூடத்தைத் தலைமுழுகிவிட்டு அப்பாவோடு கூரை ஏறியவன், ஐம்பத்தாறு வயசிலும் விரலில் தார் போகாதவன். எந்த ஓட்டை அடையும், எது அடையாது என்று அவனுக்குத் தெரியும். அந்த வீடு அடையாது. கடலைப் பார்த்த மூலை வீடு. ஜன்னலைச் சாத்திய பிறகும் பிறந்தநாளுக்குக் கட்டிய கொடித்தோரணம் ஆடும். கழிப்பறையில் காலண்டர் நாள் முழுக்கப் புறா மாதிரி படபடக்கும். ரீக்கி அதைக் கையால் திருப்பியதே கிடையாது. காற்று திருப்பும், அது சரியான மாசமா என்று மட்டும் அவள் பார்த்துக்கொள்வாள்.

ரீக்கி முப்பத்தொரு வருஷம் தெக்சல் தீவுக்குப் போகும் கப்பலில் சூப்பும் காபியும் விற்றவள். அக்கரை போக இருபது நிமிஷம். அந்த இருபது நிமிஷத்தில் இருநூறு பேருக்குச் சூப்பு ஊற்றி, காசு வாங்கி, நாலு பேரின் குடும்பக் கதையைக் கேட்டு, ரெண்டு பேரைத் திட்டி, கோப்பைகளைத் திரும்ப வாங்கி அடுக்கிவிடுவாள். அவள் காலத்தில் ஒரு கோப்பைகூட தீவில் இறங்கியதில்லை. வாழ்க்கையில் எந்தக் காரியத்துக்கும் இருபது நிமிஷம் போதும் என்பது அவள் கட்சி. கட்டிடத்தின் உரிமையாளர் சங்கத்துக்கு அவள் தலைவியானதும் அப்படித்தான். ‘யார் தலைவர்?’ என்று கேட்ட நேரத்தில் காற்றடிக்கிறதே என்று ஜன்னலைச் சாத்த எழுந்தாள். எழுந்து நின்றதையே சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

எழுபத்தொரு வயசில் அவள் நெஞ்சு விசில் அடிக்க ஆரம்பித்தது. படுக்கைக்குப் பின்னால் சுவர் கறுத்துப் பூசணம் பூத்திருந்தது. டாக்டர் சுவரைப் பற்றிக் கேட்டார். ஆல்க்மாரில் இருக்கும் மகள் டாக்டரைவிட வேகமாக, அங்கேயே முதியோர் இல்லம் ஒன்றில் அம்மாவின் பெயரைப் பதிந்துவிட்டாள். இலையுதிர்காலத்தில் அறை காலியாகுமாம், ஜன்னலைத் திறந்தால் கார் நிறுத்தும் இடம் தெரியுமாம்.

“அடுத்த குளிருக்குள்ள இந்தச் சுவர் சூடாகலேன்னா வர்றேன்” என்று ரீக்கி மகளுக்கு வாக்குக் கொடுத்தாள். “சூடாச்சுன்னா நீ வாயை மூடணும்.”

சுவர் சூடாக என்ன செய்ய வேண்டும் என்பது சீமுக்குத் தெரியும். இரட்டைச் சுவரின் நடுவே பஞ்சு ஊதி அடைக்க வேண்டும், எல்லா ஜன்னலுக்கும் புதுக் கண்ணாடி, கூரைக்கு மேல் ஒரு கனத்த போர்வை. ஒரு வீட்டுக்கு மட்டும் செய்ய முடியாது. செய்தால் கட்டிடம் முழுக்கச் செய்ய வேண்டும், அதற்குக் கடன் வேண்டும்.

ரீக்கி முதலில் பேங்கைக் கேட்டுப் பார்த்தாள். “ஒரு பையன் உட்கார்ந்திருந்தான்டா. கடனைப் பத்திப் பேசவே இல்ல. என் வயசைக் கேட்டான், உடம்புக்கு என்னான்னு கேட்டான், தனியா இருக்கியான்னு கேட்டான். பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரியே கேட்டுட்டு, வேண்டாம்னு சொல்லிட்டான்.”

அரசாங்கக் கடன் நிதி என்று ஒன்று இருந்தது. அதில் வயசு கேட்க மாட்டார்கள். கடன் ஆள் பேரில் இல்லை, சங்கத்தின் பேரில். மாதச் சந்தாவோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே போகலாம். ஆனால் பத்து வீடாவது இருக்கிற கட்டிடத்துக்குத்தான் தருவார்கள். இவர்களுக்கு ஒன்பது. ரீக்கி விடவில்லை. நிதி அலுவலகத்துக்குப் போன் போட்டு, சைக்கிள் கொட்டகையையும் சேர்த்தால் பத்து ஆகிறதே என்றாள்.

“அதுல யாரு குடியிருக்காங்க அம்மா?”

“என் சைக்கிள்.”

அந்தப் பெண் சிரித்துவிட்டாள், கடன் மட்டும் கிடைக்கவில்லை. அடுத்த ஜனவரியில் ஒரு நாள் காலை, சீம் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தபோது, வீட்டுச் செருப்போடு ரீக்கி இரண்டு மாடியும் குதித்து இறங்கினாள். கையில் ஒரு கடிதம்.

“எட்டு! எட்டு போதுமாம்! சின்னக் கட்டிடத்துக்கும் தர்றாங்களாம்! நம்மகிட்ட ஒரு வீடு மிச்சம்டா!”

சொல்லிக்கொண்டே அவனை இழுத்து நடையில் ஒரு சுற்றுச் சுற்றினாள். வெண்ணெய்க் கத்தியோடு சீம் சுற்றினான். நாற்பது வருஷமாகக் கூரையில் நிற்கிறவன், தலை சுற்றியது அன்றைக்குத்தான்.

சந்தோஷம் அடுத்த கூட்டம் வரைக்கும் நின்றது. கடன் வாங்க சங்கம் முடிவெடுக்க வேண்டும், முடிவெடுக்க ஒன்பது பேரில் ஆறு பேராவது நேரில் உட்கார வேண்டும். மூன்று பேர் எப்படியும் வர மாட்டார்கள். ஒருவர் குளிர்காலம் முழுக்க ஸ்பெயினில், ஒருவர் நடுக்கடலில் எண்ணெய் மேடையில், ஒருவர் எங்கே இருக்கிறார் என்பதே யாருக்கும் தெரியாது. மிச்ச ஆறு பேரும் வந்தாக வேண்டும். வந்தது யார்? ரீக்கியும் சீமும்தான். இரண்டாவது முறை கூட்டம் போட்டாள். இந்த முறையும் ரீக்கி, சீம்.

வராதவர்களில் பெரிய முட்டுக்கட்டை லேன்டர்ட் என்பவர். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு படகுக்கும் தலைவராக இருந்ததில்லை என்றாலும் கட்டிடத்தில் அவருக்கு அட்மிரல் என்று பெயர். “குளிரா? எங்க குளிருது? நான் சட்டையோட உட்கார்ந்திருக்கேன். இந்தக் காலத்து ஜனங்க உடம்பு வெண்ணெய்” என்பார். நடுமாடியின் நடுவீடு அவருடையது.

மேஸ்திரி கொடுத்த மதிப்பீடு மார்ச் கடைசி வரைக்கும்தான் செல்லும். பிப்ரவரியில் ஒரு நாள் ரீக்கி சீமின் மேஜையில் உட்கார்ந்து, மூடியிருந்த கழிப்பறைக் கதவையே வெகுநேரம் பார்த்தாள்.

“நீ ஏன்டா வருஷா வருஷம் என் பிறந்தநாளுக்கு வர்றே?”

“வராம? எழுதியிருக்குதே.”

“என் மேல பிரியமா?”

“பேனாவால எழுதியிருக்குது.”

“அதான்” என்றாள் ரீக்கி. “மார்ச் பன்னெண்டு. சாயங்காலம் நாலு மணி. நாலு வீடு. நாலு காலண்டர்.”

சீமுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் எழுந்து நின்றுவிட்டான். “ஏம்மா, எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருக்குதா? அடுத்தவன் கக்கூஸ்ல போய் எழுதறதுக்கு?”

“நீ கூரைக்காரன். காத்துத் துளை பார்க்கணும்னு சொல்லு. உன்னை யார் சந்தேகப்படுவா? உன் மூஞ்சியைப் பார்த்தா பொய் சொல்ற அளவுக்குப் பேசறவன்னே தோணாது.”

சட்டப்படி கூட்ட அறிவிப்பை அன்றே மாடிப்படிப் பலகையில் குத்திவிட்டாள்: மார்ச் பன்னிரண்டு, நாலு மணி, ரீக்கியின் வீடு, அரசுக் கடன் பற்றி முடிவு. நாலு வருஷத்துக்கு முன் காணாமல் போன பூனையின் அறிவிப்புக்குக் கீழே. பூனை மூன்றே நாளில் திரும்பி வந்துவிட்டது. யாரும் அந்தப் பலகையைப் பார்ப்பதில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

சீம் கருவிப் பெட்டியில் ஒரு பேனாவைப் போட்டுக்கொண்டு கிளம்பினான். மீன்கடைக்காரர் வீட்டில் சுலபம். அவர் மத்தி வறுத்துக்கொண்டிருந்தபோது ‘ரீக்கி, 4 மணி’ என்று எழுதிவிட்டு வந்தான். இசை டீச்சர் வீட்டில் பன்னிரண்டாம் தேதியில் ஏற்கெனவே ஓர் அத்தை இருந்தாள், அத்தையின் தலைக்கு மேல் ரீக்கியை நெருக்கி உட்கார வைத்தான். அட்மிரல் வீட்டுக் காலண்டரில் பன்னிரண்டு மாசமும் போர்க்கப்பல். பெயர்கள் மூன்றுதான், அதில் ஒன்று நாய். அந்த வெற்றுத் தாளைப் பார்த்ததும் சீமுக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. ரீக்கியின் பெயரைக் கொஞ்சம் பெரிதாகவே எழுதினான்.

நர்ஸ் ஷரிட்டா வீட்டில் மாட்டிக்கொண்டான். கதவுக்குத் தாழ் சரியாக விழவில்லை.

“என் கக்கூஸ்ல என்ன சீம் எழுதறே? கவிதையா?”

சீமுக்குப் பொய் வரவில்லை. உண்மையைச் சொன்னான். ஷரிட்டா கதவில் சாய்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். “குடு பேனாவை. உன் கையெழுத்து கூரை மாதிரி சாய்ஞ்சிருக்கு” என்று தானே எழுதினாள்.

மார்ச் பன்னிரண்டாம் தேதி நாலு மணிக்கு நாலு பேரும் வந்தார்கள். கையில் பூ. எப்போது எழுதினோம் என்று ஷரிட்டாவைத் தவிர யாருக்கும் நினைவில்லை, ஆனால் எழுதியிருந்ததே! எழுதியிருந்தால் வர வேண்டியதுதானே! அட்மிரல் ஒரு பாட்டில் ஜெனிவர் சாராயத்தோடு இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். பிறந்தநாள்காரிக்கு வாழ்த்து, பக்கத்து வீட்டுக்காரிக்குப் பிறந்தநாள் என்று ஒருவருக்கொருவர் வாழ்த்து, ஆளுக்கு மூன்று முத்தம். அந்த வேகத்தில் அட்மிரல் சீமின் கன்னத்திலும் ஒன்று வைத்துவிட்டார். இரண்டு பேரும் அதைப் பற்றி இன்று வரை பேசியதில்லை.

கேக் முடிந்தது. முதல் காபி முடிந்தது. பிஸ்கட் டப்பா ஒரு சுற்று வந்தது. ரீக்கி மூடியை ‘டப்’ என்று அடித்தாள், நீதிபதி சுத்தியலால் அடிப்பது போல.

“ஆறு பேர் இருக்கோம். சங்கக் கூட்டம் ஆரம்பிக்குது. மணி நாலு இருபது. இருபது நிமிஷம்தான்.”

“என்ன கூட்டம்?” என்றார் மீன்கடைக்காரர்.

“மூணு வாரமா பலகையில தொங்குது.”

“அதுல பூனையைக் காணோம்னுதானே போட்டிருக்கு?”

“பூனைக்குக் கீழ பார்க்கலையா?”

அட்மிரல் எழுந்துவிட்டார். “இது ஆள் கடத்தல். பிறந்தநாள்னு கூப்பிட்டுட்டு என் தலையில கடன் கட்டறியா? நான் போறேன்.”

அவர் போனால் ஐந்து. ஐந்து பேர் என்றால் கூட்டம் இல்லை, கடன் இல்லை, ஆல்க்மார்தான். ரீக்கி காபிக் குடுவையோடு வாசலை மறித்தாள்.

“வேண்டாம்னு சொல்லவாவது உட்காருங்க அட்மிரல்! நீங்க வேண்டாம்னு கையைத் தூக்குங்க, சந்தோஷமா எழுதிக்கிறேன். ஆனா உட்கார்ந்துகிட்டுத் தூக்குங்க. ரெண்டாவது காபி குடிக்காம எந்த மனுஷன் பிறந்தநாள்ல இருந்து எழுந்து போவான்?”

அது சரியான அடி. இரண்டாவது காபிக்கு முன் எழுந்து போகிறவனைப் பற்றி ஊரில் என்ன பேசுவார்கள் என்று அட்மிரலுக்குத் தெரியும். கொஞ்சம் யோசித்தார். “முதல்ல கழிப்பறைக்குப் போயிட்டு வர்றேன்” என்று கௌரவமாகப் பின்வாங்கினார்.

ரீக்கி சீமைப் பார்த்தாள். “நீ சொல்லுடா, என்ன வேலைன்னு.”

நாலு பேருக்கு முன்னால் பேசுவதைவிட ஐந்து மாடிக் கூரையில் ஒற்றைக் காலில் நிற்கலாம். சீம் எழுந்து கையை நீட்டி, சுவரில் கட்டியிருந்த தோரணத்தைக் காட்டினான்.

“ஜன்னல் சாத்தியிருக்குது. கதவு சாத்தியிருக்குது. கொடியைப் பாருங்க.”

பார்த்தார்கள். கொடிகள் திருவிழாப் போல் ஆடிக்கொண்டிருந்தன. சீம் உட்கார்ந்துவிட்டான். அவ்வளவுதான் பேச்சு.

அப்போது கழிப்பறைக் கதவு திறந்தது. அட்மிரல் ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில் காலண்டர், ஆணியோடு.

“ரீக்கி, உனக்கு எப்ப பிறந்தநாள்?”

“இன்னைக்கு.”

“நவம்பர் ஒன்பதுன்னு உம் புருஷன் எழுதி வெச்சிருக்கான். ‘ரீக்கி, மறந்தா தொலைஞ்சேன்’னு மூணு ஆச்சரியக்குறி வேற.”

செத்துப் போய் ஒன்பது வருஷமான மனுஷன் இப்படிக் காட்டிக்கொடுப்பான் என்று ரீக்கி நினைக்கவில்லை. “காலண்டர் மார்ச்சுலதானே இருந்துச்சு? நவம்பரை ஏன் பார்த்தீங்க?” என்றாள்.

“நான் எங்க பார்த்தேன்? உட்கார்ந்தேன். அடியில இருந்து காத்து அடிச்சுது. மார்ச் போச்சு, ஏப்ரல் போச்சு, கோடை முழுக்கப் போச்சு. நான் எழுந்திருக்கறதுக்குள்ள நவம்பர் வந்திருச்சு!”

“எட்டு மாசமா உட்கார்ந்திருந்தீங்க அட்மிரல்?” என்றாள் ஷரிட்டா. இசை டீச்சர் வாயில் இருந்த பிஸ்கட் தூள் மேஜைத் துணிக்கு வந்தது. மீன்கடைக்காரர் தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். ரீக்கி மட்டும் சிரிக்கவில்லை.

“ஆமா, பொய்தான்” என்றாள். “நவம்பர் ஒன்பதுக்கு நான் இங்க இருக்க மாட்டேன். ஆல்க்மார்ல முதியோர் இல்லத்துக்குக் கூட்டிட்டுப் போயிருவாங்க. அதான் முன்கூட்டியே வெச்சுக்கிட்டேன்.”

சிரிப்பு நின்றது. கொடி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. அட்மிரல் நடந்து போய் ஹீட்டரில் பின்பக்கத்தைச் சாய்த்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார்.

“இது எரியுதா, இல்ல அலங்காரமா?”

“முழுசா எரியுது” என்றான் சீம்.

“முப்பது வருஷம் கடல்ல இருந்தேன். ஐஸ்லாந்துப் பக்கம் போயிருக்கேன். இந்தக் கக்கூஸ் மாதிரி ஓரிடத்தை நான் பார்த்ததில்ல. எனக்குப் பின்பக்கம் இருக்குதான்னே தெரியல. என் வீட்டுல ஏன் இப்படி இல்ல?”

“உங்களுது நடுவீடு அட்மிரல்” என்றான் சீம். “மேல மூணு, கீழ மூணு, அந்தப் பக்கம் ஒண்ணு, இந்தப் பக்கம் ஒண்ணு. நாங்க எட்டுப் பேரும் எரிக்கிறோம், நீங்க சட்டையோட உட்கார்ந்திருக்கீங்க.”

அட்மிரல் ஒன்பது வீட்டையும் மனத்துக்குள் அடுக்கிப் பார்ப்பது முகத்தில் தெரிந்தது. “அப்ப இத்தனை வருஷமா நான் உங்க போர்வைக்குள்ளதான் படுத்திருந்தேனா?”

“காலைத் தூக்கி எங்க மேல போட்டுக்கிட்டு” என்றாள் ரீக்கி.

“கடன் எத்தனை வருஷம்?”

“இருபது. முடியறப்ப எனக்குத் தொண்ணூத்தி ஒண்ணு.”

“எனக்குத் தொண்ணூத்தி நாலு” என்றார் அட்மிரல். “சரி, ஓட்டு எடு.”

ஐந்து கை உயர்ந்தது. அட்மிரல் கால்சட்டையைப் பிடித்திருந்த கையைத் தூக்கப் போய், சுதாரித்து, காலண்டர் பிடித்த கையைத் தூக்கினார். மணி நாலு நாற்பது. ரீக்கி கடிகாரத்தைப் பார்த்தாள். “அக்கரை வந்தாச்சு. யாரும் இறங்க வேண்டாம். ரெண்டாவது காபி.” அன்றைக்குப் பிஸ்கட் டப்பா மூடப்படவே இல்லை. ஆளுக்கு மூன்று பிஸ்கட் தின்றார்கள், ஜெனிவர் திறந்தார்கள், பொய்ப் பிறந்தநாளுக்கு மெய்யான பாட்டை இரண்டு முறை பாடினார்கள்.

கூட்டக் குறிப்பை ஷரிட்டா எழுதினாள். ஒரு வாரம் கழித்து நிதி அலுவலகத்திலிருந்து அதே பெண் போன் செய்தாள். “எல்லாம் சரியா இருக்கு அம்மா. நாலாவது அம்சமா ‘பிறந்தநாள் பாட்டு’ன்னு இருக்குதே?”

“அது ஒருமனதா நிறைவேறிச்சு” என்றாள் ரீக்கி.

கடன் வந்தது. மே மாசம் சாரம் கட்டினார்கள். சுவரில் துளை போட்டுக் குழாயால் பஞ்சு ஊதினார்கள். கூரை வேலைக்கு வந்த வேறு ஊர் ஆட்களைக் கீழே நின்று சீம் திட்டினான். தாங்க முடியாமல் அவர்கள் ஏணியைக் காட்ட, ஏறிப் போய் ஓர் ஓரத்தைத் தானே ஒட்டிவிட்டு வந்தான். செப்டம்பரில் மகள் வந்து படுக்கைக்குப் பின்னால் சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தாள். அக்டோபரில் ஒரு புயலுக்குப் பிறகு வந்து மறுபடியும் வைத்துப் பார்த்தாள். ஆல்க்மார் அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நவம்பர் ஒன்பதாம் தேதி எல்லாரும் மறுபடி வந்தார்கள். மார்ச் பன்னிரண்டை யாரும் அடிக்கவில்லை, அதுவும் பேனாதான். நவம்பர் தாளிலும் அவள் பெயரைச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு தேதியில் பிறந்த பெண் டென் ஹெல்டரில் இவள் ஒருத்திதான். குளிருக்கு ஸ்பெயின் போகிறவர்கூடக் கிளம்புவதைத் தள்ளிப் போட்டார். பதினான்கு பேர் வட்டத்தில். பழைய பழக்கத்தில் எல்லாரும் கம்பளிச் சட்டை போட்டிருந்தார்கள், கேக் வருவதற்குள் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். மகளின் மூக்கு நுனியில் வேர்வை. கொடித்தோரணம் செத்த பாம்பு மாதிரி தொங்கியது. கழிப்பறைக் காலண்டர் ஆகஸ்டிலேயே நின்றது. திருப்பக் காற்று இல்லை. அட்மிரல் உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. கதவைத் தட்டினால், “நல்லா இருக்குது, விடுங்க” என்றார்.

சீம் எழுந்தான். ஆளுக்கு மூன்று முத்தம் முடித்துக்கொண்டு, பதினோரு வருஷப் பழக்கம், ஜன்னல் பக்கமாகப் போய்த் துணியையும் திருப்புளியையும் தேடினான். அங்கே ஒரு பூச்சட்டி இருந்தது. பின்னாலிருந்து, பிஸ்கட் டப்பா மூடியால் முகத்துக்கு விசிறிக்கொண்டே ரீக்கி குரல் கொடுத்தாள்:

“சீம், போறப்ப அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறந்து விட்டுட்டுப் போடா.”